கைசர்ஷ்மாரன் சமையல் பொதியின் தமிழ்ச் செய்முறைத் தாளிலுள்ள பிழைகள் குறித்த புகார்

வியன்னா
15 செப்டெம்பர் 2025

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்ச் செய்முறைத் தாளுடன் வீட்டுக்கு அனுப்பிவைக்கப்படும் தங்கள் நிறுவனத்தின் ‘கைசர்ஷ்மாரன்’ (முட்டை, பால், மா கலந்து தாச்சியில் வேகவைத்துப் பிய்க்கும் ஒஸ்திரிய இனிப்புணவு) சமையல் பொதிகள் இரண்டைக் கடந்த ஓகஸ்ட் 20ஆம் திகதி, ஒன்று 24.90 யூரோ வீதம், மொத்தம் 49.80 யூரோ செலுத்தி வாங்கினேன். ஒன்று என் வீட்டுக்கு, மற்றது இதே நகரில் தனியாக வசிக்கும் என் அம்மாவுக்கு. நல்லூர்த் திருவிழா முடியும்வரை எங்கள் வீடுகளில் முட்டை சமைப்பதில்லை என்பதால், அது முடிந்த பிறகு வரும்படியாகவே நாளைத் தெரிவுசெய்தேன். பொதிகள் 27ஆம் திகதி குறையின்றி வந்து சேர்ந்தன. பொதி கட்டப்பட்ட விதத்திலோ மாவின் தரத்திலோ எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் புகார் முழுவதும் அந்த இரண்டு பக்கத் தமிழ்த் தாளைப் பற்றியதே.

நான் 2009 முதல் 2013 வரை ஒஸ்திரியாவின் சல்ஸ்கம்மர்கூட் என்னும் ஏரிகளும் மலைகளும் நிறைந்த பகுதியில், வோல்ஃப்காங் ஏரியின் கரையிலிருந்த ஒரு சிறு விடுதியின் சமையலறையில் வேலை செய்தேன். கோடைகாலத்தில் மலையேறி இறங்குவோர் மதியம் வந்தமர்ந்ததும் முதலில் கேட்பது கைசர்ஷ்மாரனாகத்தான் இருக்கும். ஒரு நாளில் முப்பது தட்டுக்குக் குறையாமல் செய்திருக்கிறேன். அந்த நான்கு ஆண்டுகளில் என் கையில் படிந்த உணவு அது. அதை என் அம்மாவும் தன் கையால், தனக்குத் தெரிந்த மொழியில் படித்துச் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசையால்தான், பலசரக்குக் கடையில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பொருட்களுக்குத் தங்களிடம் இவ்வளவு பணம் கொடுத்தேன். ஆகவே, நான் பணம் கொடுத்தது அந்தத் தமிழ்த் தாளுக்கே என்பதை முதலில் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

ஓகஸ்ட் 30ஆம் திகதி, சனிக்கிழமை பிற்பகல், அம்மா தொலைபேசியில் அழைத்தார். “பிள்ளை, இந்தப் பிளம்ஸ் பைக்கற்ற வெட்டினா சாராய மணமாக் கிடக்கு. பழுதாப் போச்சோ?” என்று கேட்டார். அது பழுதானதல்ல, றம்மில் ஊறவைத்த உலர்திராட்சை. பெட்டியின் அடியில் ஜெர்மன் மொழியில் அச்சிடப்பட்டுள்ள உட்பொருள் பட்டியலில் ‘றம்’ என்ற சொல் உள்ளது. தங்கள் தமிழ்த் தாளிலோ ‘ஊறவைத்த பிளம்ஸ்’ என்று மட்டுமே உள்ளது. எதில் ஊறவைத்தது என்பது இல்லை. எழுபத்து நான்கு வயதுவரை மதுவை நாவில் வைத்தறியாத என் அம்மா, பழுதா நல்லதா என்று பார்ப்பதற்காக ஒன்றை எடுத்து வாயில் போட்டுப் பார்த்த பிறகே எனக்கு அழைத்திருந்தார். நான் உண்மையைச் சொன்னதும் சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. அன்று மாலை மறுபடியும் தலைமுழுகிய பின்பே சாமி விளக்கை ஏற்றியதாக மறுநாள் சொன்னார். அடுப்பில் கொதித்தால் மது முழுவதும் ஆவியாகிவிடும் என்று தங்கள் ஊழியர் எவரேனும் பதில் எழுதக்கூடும். சில நிமிடச் சமையலில் அது முழுவதும் போய்விடுவதில்லை என்பது ஒரு புறமிருக்க, உண்பவர் அறியாமல் அதை அவர் வாய்க்குக் கொண்டுபோனது எந்த விளக்கத்தாலும் சரியாகிவிடாது. தங்கள் பொதிகளை வாங்கும் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்களும் சிறு பிள்ளைகளுள்ள வீடுகளும் எத்தனை இருக்கும் என்பதைத் தாங்களே அறிவீர்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011ஆம் இலக்க ஒழுங்குவிதி, பொதியிடப்பட்ட உணவில் உட்பொருட்களை எழுதவும், ஒவ்வாமை தரக்கூடிய 14 வகைப் பொருட்களை அந்தப் பட்டியலில் தனித்துத் தெரியும்படி காட்டவும் வேண்டும் என்கிறது. தங்கள் ஜெர்மன் பட்டியலில் கோதுமை தடித்த எழுத்தில் முறையாகக் காட்டப்பட்டுள்ளது. சட்டத்தின் முன் அது போதுமானதாக இருக்கலாம். ஆனால், ‘ஜெர்மன் தெரியாத பெற்றோருக்கும் எளிது’ என்று விளம்பரம் செய்து பொருளை விற்றுவிட்டு, அதே பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய செய்தியை ஜெர்மனில் மட்டும் எழுதிவைப்பது நேர்மையான வணிகமாக எனக்குத் தோன்றவில்லை.

இதே தாளில் ‘பிளம்ஸ்’ என்ற சொல் விளைத்த இன்னொரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். இலங்கைத் தமிழர் உலர்திராட்சையைப் ‘பிளம்ஸ்’ என்றே சொல்வோம். சர்க்கரைப் பொங்கலுக்குக் கஜுவும் பிளம்ஸும் போடுகிறோம் என்றால் அது உலர்திராட்சைதான். தங்கள் தாளின் முதற் பக்கத்தில் அச்சொல் அந்தப் பொருளிலேயே வருகிறது. இரண்டாம் பக்கத்தில், தொட்டுக்கொள்ளும் பழக்கூழுக்கு ‘பிளம்ஸ் 500 கிராம், தனியாக வாங்கவும்’ என்று வருகிறது. அங்கே தாங்கள் கருதியது ‘ட்ஸ்வெட்ச்கெ’ எனப்படும், நீண்ட கருநீலப் பழத்தை. ஒரே தாளில் ஒரே சொல்லை இரு பழங்களுக்கு எழுதினால் படிப்பவர் என்ன செய்வார்? என் அம்மா பேரனைக் கடைக்கு அனுப்பி அரைக் கிலோ உலர்திராட்சை வாங்குவித்து, தாளில் சொல்லப்பட்ட 100 கிராம் சீனியும் கறுவாவும் சேர்த்து 20 நிமிடம் கொதிக்கவிட்டார். சட்டியில் எஞ்சியது கறுத்து இறுகிய, வாயில் வைக்க முடியாத இனிப்புக் களி. அதைச் சுரண்டியெடுத்துக் குப்பையில் போட்டதைச் சொல்லும்போது, தான் ஏதோ தவறு செய்துவிட்டதாகவே அம்மா பேசினார். தாளில் எழுதியிருந்ததை ஓர் எழுத்துப் பிசகாமல் செய்தவர் அவர். தவறு தங்களுடையது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, எனக்குத் தெரிந்த முறையை ஒதுக்கிவைத்துவிட்டு, தாளை மட்டும் பின்பற்றி என் வீட்டில் சமைத்துப் பார்த்தேன். நான்கு முட்டைகளை முழுதாக உடைத்து ஊற்றி, 250 மில்லிலீற்றர் பாலும் பொதியிலிருந்த 250 கிராம் மாவு முழுவதும் பேக்கிங் பவுடரும் சேர்த்து அடித்து, தாச்சியில் ஊற்றி இருபுறமும் வேகவைத்து, ‘நன்றாக ஆறிய பின் கத்தியால் சதுரத் துண்டுகளாக வெட்டி, கொத்துரொட்டி போல் கொத்தவும்’ என்ற கட்டளையையும் நிறைவேற்றினேன். கிடைத்தவை தடித்த, மாவுச்சுவை மேலோங்கிய ரொட்டித் துண்டுகள். கரண்டியால் அழுத்தினால் அமுங்கவில்லை, வழுக்கித் தள்ளிப்போயின. அன்று தேநீருக்கு அழைத்திருந்த பக்கத்து வீட்டு அம்மையார், ‘மேல் ஒஸ்திரியா’ மாநிலத்தில் பிறந்து வளர்ந்தவர், மரியாதைக்காக இரண்டு துண்டுகளை உண்டுவிட்டு, “இது என்ன பலகாரம்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியே இந்தத் தாளின் தரத்தைச் சொல்லிவிட்டது.

கைசர்ஷ்மாரனின் உயிர் முட்டையின் வெள்ளைக்கருவில் இருக்கிறது. நான்கு முட்டைகளின் மஞ்சட்கருவைத் தனியே பிரித்து, 250 மில்லிலீற்றர் பால், ஏறத்தாழ 130 கிராம் மாவு, ஒரு சிட்டிகை உப்பு, வனிலாச் சீனி, சிறிது தேசிக்காய்த் தோற்சீவல் ஆகியவற்றுடன் கட்டியில்லாமல் கலக்க வேண்டும். வெள்ளைக்கருவைச் சீனியுடன் தனியே அடித்து, பீற்றரைத் தூக்கினால் நுனி சாயாமல் நிற்கும் பதத்துக்குக் கொண்டுவந்து, பின்பு மாக்கலவையில் அகப்பையால் அடியிலிருந்து மேலாக, நுரை உடையாதபடி மெல்லப் புரட்டிச் சேர்க்க வேண்டும். அந்த நுரைக்குள் அடைபட்ட காற்று தாச்சியின் சூட்டில் விரிவதால்தான் மா இரு விரற்கடை உயரத்துக்கு எழும்புகிறது. முழு முட்டையாக அடித்தால் மஞ்சட்கருவின் கொழுப்பு வெள்ளைக்கருவை நுரைக்கவிடாது. அந்தக் குறையை மறைக்கப் பேக்கிங் பவுடரைப் போடலாம். ஆனால் அதனால் கிடைப்பது கேக்கின் பதமே தவிர, உள்ளே ஈரமும் வெளியே முறுகலுமான ஷ்மாரனின் பதம் அல்ல. மாவை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கியது ஏன் என்பது எனக்கு விளங்கவே இல்லை.

கத்தியைப் பற்றியும் கூறியாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் நானும் இதே பிழையைச் செய்தேன். விடுதியின் தலைமைச் சமையற்காரி ஒன்றும் சொல்லாமல் என் கையிலிருந்த கத்தியை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, இரண்டு மர அகப்பைகளை என் கையில் தந்தார். அடிப்பக்கம் பொன்னிறமாகி, நடு இன்னும் சற்றே தளதளவென்றிருக்கையில், தாச்சி அடுப்பில் இருக்கும்போதே பிய்க்க வேண்டும். வீட்டில் இரண்டு முள்ளுக்கரண்டிகள் போதும். பிய்த்த துண்டின் ஓரம் கரடுமுரடாக, சிறு குழிகளும் இழைகளுமாக இருக்கும். பிறகு போடும் பட்டரும் சீனியும் அந்தக் குழிகளில் இறங்கி உருகி, விளிம்புகளில் மட்டும் பாகாய் முறுகும். கத்தியால் வெட்டிய முகம் வழவழப்பாக இருப்பதால் சீனி அதில் தங்காமல் தாச்சியின் அடியில் கருகும். கொத்துரொட்டி எனக்கும் பிரியமான உணவுதான். ஆனால் அது வெந்து முடிந்த ரொட்டியை இரும்புத் தகட்டால் கொத்துவது. இது வேகும் வேளையிலேயே பிய்ப்பது. வாசகருக்கு அறிமுகமான உவமையைச் சொல்ல விரும்பியது நல்லெண்ணமாகவே இருக்கட்டும். இந்த உவமை செய்முறையையே மாற்றிவிட்டது.

ட்ஸ்வெட்ச்கெ கிடைக்காவிட்டால் ‘பிளம்ஸ் ஜாமைச் சூடாக்கி ஊற்றலாம்’ என்ற வரியையும் நீக்க வேண்டுகிறேன். ஓகஸ்ட் இறுதியிலும் செப்டெம்பரிலும் வியன்னாவின் நாஷ்மார்க்ட் சந்தை தொடங்கிச் சாதாரணப் பலசரக்குக் கடைவரை அந்தப் பழம் குவிந்து கிடக்கிறது. பழத்தைப் பிளந்து கொட்டையை நீக்கி, சீனி, கறுவாத்துண்டு, இரண்டு கராம்பு, சிறிது தேசிக்காய்ச் சாறு சேர்த்து, தோல் சுருண்டு சாறு சிவந்து கெட்டியாகும்வரை மெல்லிய சூட்டில் வைத்தால் அதுவே ‘ட்ஸ்வெட்ச்கென்றோஸ்டர்’. பழம் பாதி கரைந்தும் பாதி உருவோடும் இருக்க வேண்டும். அதன் புளிப்புத்தான் பட்டரின் கனத்தை அறுக்கிறது. ஜாமில் அந்தப் புளிப்பு இல்லை. பழம் கிடைக்காத பருவத்தில் அப்பிள் கூழையோ, மலைப்பகுதிகளில் செய்வதுபோல் ‘பிறைசல்பெயர’ என்னும் சிவந்த புளிப்புப் பழத்தையோ இந்நாட்டவர் வைப்பார்கள் என்று எழுதியிருந்தால் பயனாக இருந்திருக்கும்.

தாளின் தலைப்பில் ‘ஜெர்மானிய அரசர் பிரான்ஸ் ஜோசப்புக்காக 1854இல் உருவாக்கப்பட்டது’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். முதலாம் பிரான்ஸ் ஜோசப் 1848 முதல் 1916இல் இறக்கும்வரை ஒஸ்திரியாவின் பேரரசராக இருந்தவர். 1854 அவர் எலிசபெத்தை மணந்த ஆண்டு. இந்த உணவு பிறந்த ஆண்டு என்பதற்குச் சான்று இல்லை. பேரரசிக்குப் பிடிக்காததைப் பேரரசர் தம் தட்டுக்கு வாங்கிக்கொண்டார் என்பது ஒரு கதை. மலையில் பாற்கட்டி செய்யும் ‘காசர்’ என்பவரின் பெயரே திரிந்து, பேரரசரைக் குறிக்கும் ‘கைசர்’ ஆனது என்பது இன்னொன்று. ரவையிலும் உருளைக்கிழங்கிலும் கூட ஷ்மாரன் செய்யும் மலைநாட்டு வழக்கம் இருப்பதை அறிந்தவர்களுக்கு இரண்டாவது கதை பொருத்தமாகத் தோன்றும். கதைகளைக் கதை என்றே எழுதுங்கள். எங்கள் பிள்ளைகள் இந்நாட்டுப் பள்ளிகளில் படிக்கிறார்கள்; தமிழில் அச்சானதை வகுப்பில் சொல்லி அவர்கள் தலைகுனிய நேரக் கூடாது.

செப்டெம்பர் 2ஆம் திகதி இவற்றைச் சுருக்கமாக மின்னஞ்சலில் தெரிவித்திருந்தேன். ‘தங்கள் கருத்துக்கு நன்றி’ என்ற ஒற்றை வரியும் அடுத்த கொள்முதலில் 5 யூரோ கழிவு தருவதாக ஒரு குறியீடும் பதிலாக வந்தன. அந்தக் கழிவு எனக்கு வேண்டாம். இரண்டு பொதிகளுக்கும் செலுத்திய 49.80 யூரோவைத் திருப்பித் தருமாறு கேட்கிறேன். அதைவிட முதன்மையாக, இதே பொதியை இதுவரை வாங்கிய அனைவருக்கும், உலர்திராட்சை றம்மில் ஊறவைக்கப்பட்டது என்பதைத் தமிழில் தெளிவாக எழுதி உடனே அறிவிக்க வேண்டும். இனிமேல் திராட்சையை உலர்ந்த நிலையிலேயே வைத்து, விரும்புவோர் தாமாக ஊறவைத்துக்கொள்ள விட வேண்டும். செய்முறைத் தாளைத் திருத்தி அச்சிடும்வரை இந்தப் பொதியின் விற்பனையை நிறுத்திவைப்பதே முறை. திருத்திய தாளை அச்சுக்கு அனுப்புமுன் எனக்கு அனுப்பினால், கட்டணம் எதுவும் இன்றிப் படித்துப் பார்த்துத் தர ஆயத்தமாக இருக்கிறேன்.

நான் தாளின்படி சமைத்துப் பார்த்ததற்கு அடுத்த வார இறுதியில் அம்மாவின் சமையலறையில், என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்த முறைப்படி, தண்ணீரில் ஊறவைத்த திராட்சையுடன் இதைச் செய்தோம். முள்ளுக்கரண்டிகளை அம்மாவே பிடித்தார். ஐசிங் சீனியைத் தூவி முதல் துண்டை உண்டுவிட்டு, “இதையே அவையள் எழுதியிருக்கலாமே” என்றார்.

செப்டெம்பர் 30ஆம் திகதிக்குள் எழுத்துமூலமான பதிலை எதிர்பார்க்கிறேன். கொள்முதல் பற்றுச்சீட்டின் பிரதியும், பிழையான வரிகளை அடையாளமிட்ட தங்கள் செய்முறைத் தாளும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்