போல்ட் வந்து சேர்ந்தது

குரோம்பேட்டை,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ கவென்ட்ரியிலிருந்து அனுப்பிய போல்ட் பார்சல் செவ்வாய்க்கிழமை வந்தது. சுங்க வரி கட்டச் சொன்னார்கள், கட்டினேன். எவ்வளவு என்று அம்மாவிடம் சொல்லவில்லை, நீயும் கேட்காதே.

நேற்றும் இன்றும் உட்கார்ந்து நம்ம ஹெரால்டு காரின் முன்பக்கத்தைப் பிரித்து மாட்டிவிட்டோம். "வண்டியை வித்துடுங்கப்பா, சக்கரம் மடங்கிட்டா என்ன பண்ணுவீங்க" என்று போனில் சத்தம் போட்டாயே, நீ பயந்ததில் நியாயம் இருக்கிறது. அன்றைக்கு ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த வண்டியில் பானெட்டோடு இரண்டு மட்கார்டும் சேர்ந்து முன்னால் சாயும், ஞாபகம் இருக்கிறதா? இரண்டாம் வகுப்பில் டயர் மேல் ஏறி உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பிப்பாய். ஏழாம் வாய்ப்பாட்டில் நீ தடுமாறும்போதெல்லாம் நான் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுத் தேடுவேன். நேற்று அதே இடத்தில் மெக்கானிக் மேஸ்திரி உட்கார்ந்து டீ குடித்தார்.

சக்கரத்தை வண்டியோடு பிடித்திருக்கும் கவட்டைக் கைதான் விஷ்போன், மேலே ஒன்று, கீழே ஒன்று. மேல் விஷ்போன் போல்ட்டுகளும், சேஸ், அதாவது அடிச்சட்டப் பக்கத்து போல்ட்டுகளும் தகராறு செய்யவில்லை. முதல் நாள் இரவே டீசல் ஊற்றி ஊற வைத்திருந்தோம். கீழே பிராக்கெட்டுக்கும் சேஸுக்கும் நடுவே மெல்லிய தகடுகள் இருக்கும். சக்கரத்தின் சாய்வு அவற்றை வைத்துத்தான். எந்தப் பக்கம் எத்தனை என்று பழைய காலண்டர் தாளில் எழுதிக்கொண்டேன்.

இடப்பக்க ட்ரன்னியன் போல்ட்தான் உயிரை வாங்கியது. சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடியைக் கீழ் விஷ்போனோடு சேர்க்கும் வெண்கலத் துண்டுதான் ட்ரன்னியன். அது ஒரு இரும்புக் குழாய்க்குள் போகிற போல்ட். எத்தனையோ மழைத் தண்ணீர் குடித்து, குழாயும் போல்ட்டும் துருவில் ஒன்றாகிவிட்டன. தலையைத் திருகினால் குழாயும் சேர்ந்து சுற்றுகிறது. மேஸ்திரி நாலு போடு போட்டார், அசையவில்லை. கேஸ் வைத்துச் சூடாக்கிப் பார்க்கலாமா என்றேன். "வெண்கலம் சார், போச்சுன்னா புதுப்பேட்டையிலயும் கிடைக்காது" என்று சொல்லிவிட்டார். கடைசியில் ஆக்ஸா பிளேடை இடுக்கில் விட்டு, இரண்டு பக்கமும் அறுத்து எடுத்தோம். இரண்டரை மணி நேரம், மூன்று பிளேடு.

வலப்பக்கம் அதற்கு நேர் எதிர். கையாலேயே உருவ வந்தது. அங்கே இருக்க வேண்டியது 7/16 அங்குல போல்ட், அதாவது 11 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இருந்தது 10 மில்லிமீட்டர்! எப்போதோ ஒரு பட்டறையில் கையில் கிடைத்ததை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். ஸ்பீட் பிரேக்கரில் 'டொக்'கென்று கேட்கிறதே என்று நான் ஷாக் அப்சார்பரை இரண்டு முறை மாற்றியதெல்லாம் தெண்டம்.

பட்டறையை மட்டும் குறை சொல்லி முடித்துவிடலாம் என்று பார்த்தேன். ட்ரன்னியனைக் கழற்றியதும் அதற்கும் வழியில்லாமல் போயிற்று. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரத்தைத் தாங்கும் தண்டு அந்த வெண்கலத்துக்குள் மரையில் திரும்புகிறது. இடப்பக்கம் இடமரை, வலப்பக்கம் வலமரை. உள்ளே கியர் ஆயில், இ.பி. 90, விட வேண்டும் என்று கையேட்டிலேயே இருக்கிறது. மேஸ்திரியும் ஆரம்பத்திலேயே சொன்னார். "ஆயில் ஒழுகித் தரையெல்லாம் கறை, கிரீஸே அடிங்க" என்று அடம் பிடித்தவன் நான். அந்த கிரீஸ் பழம்புளி மாதிரி இறுகி மேலேயே நின்றுவிட்டது. அடியில் தண்ணீர் தங்கி, இடப்பக்கத் தண்டின் மரையில் நகம் மாட்டுகிற அளவுக்குத் துருக்குழி. இந்தத் தண்டு உடைவதென்றால் அங்கேதான் உடையும், பெரும்பாலும் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது. நான் தினமும் வாசலில் அப்படி ஒடித்துத்தான் வண்டியை உள்ளே விடுகிறேன், உன் அம்மாவை நிற்க வைத்து வழி காட்டச் சொல்லி. மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. தண்டை என் கையில் கொடுத்துவிட்டு பீடி பற்றவைத்தார்.

உடைத்த ஹெரால்டு ஒன்றிலிருந்து அவர் எடுத்து வைத்திருந்த நல்ல தண்டு இப்போது வண்டியில் இருக்கிறது. ஆயிலும் விட்டாயிற்று. தரையில் கறை படிகிறது, படியட்டும்.

இன்னொன்று. ரப்பர் புஷ் இருக்கிற போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது முறுக்கக் கூடாது. முறுக்கினால் வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். ஜாக்கியை எடுத்து, வண்டியை இரண்டு தடவை அமுக்கி விட்டு, அப்புறம்தான் கடைசி முறுக்கு. மேஸ்திரி தரையில் படுத்துக்கொண்டு முறுக்கினார். நான் முன் சீட்டில் கனத்துக்கு உட்கார்ந்திருந்தேன். என்னால் ஆன உதவி.

சாயங்காலம் வண்டலூர் வரை போய் வந்தோம். 1966இல் இந்த வண்டி செய்த ஸ்டாண்டர்டு கம்பெனி அங்கேதான் இருந்தது. மூல ஹெரால்டு பிறந்தது உன் ஊரில், கேன்லியில். ஒரு நாள் அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வா, ஃபேக்டரி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஸ்பீட் பிரேக்கரில் சத்தம் இல்லை. அம்மாகூட, "என்ன, வண்டி ஊமையாயிடுச்சு" என்றாள்.

டிசம்பரில் வரும்போது 7/16 நைலாக் நட், அதான் உள்ளே நைலான் வளையம் இருக்குமே அது, இரண்டு எடுத்து வா. கழற்றியதை மறுபடி போடக் கூடாது என்று மேஸ்திரி சொல்கிறார், கையிருப்புக்கு வேண்டும். நீ அனுப்பியதில் மிச்சம் இருந்தது ஒன்றுதான், அதுவும் சாக்கடையில் விழுந்துவிட்டது.

அன்புடன்,
அப்பா