காத்தாடி வேலையை எங்கள் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள்

திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். பணகுடி, பழவூர், இராதாபுரம் பக்கம் எங்கே நின்று பார்த்தாலும் காற்றாலைக் காத்தாடிதான். வைகாசி பிறந்தால் புரட்டாசி வரை கணவாய்க் காற்று ஓயாது. மானாவாரிக் காடுகள் விலைக்குப் போய், அங்கே மின்சாரம் விளையத் தொடங்கிப் பல வருஷமாகிறது. ஆனால் நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு அதில் கிடைத்தது பெரும்பாலும் வாட்ச்மேன் வேலைதான்.

நல்ல சம்பளம் உள்ள வேலை மேலே இருக்கிறது. பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கோபுரத்துக்குள் ஏணி வழியாக ஏற வேண்டும். உச்சியில் கியர் ஆயில் பார்த்து, போல்ட்டுகளை அளவு வைத்து முறுக்கி, பிரேக் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு இறங்க வேண்டும். இறக்கையில் விரிசல் விட்டால் கயிற்றில் தொங்கியபடி ஃபைபர் ஒட்ட வேண்டும். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டரோ எலக்ட்ரீஷியனோ படித்த பையனுக்கு இது எட்டாத வேலையா? உயரத்தில் வேலை பார்க்கும் பயிற்சியும் அதற்கான சான்றிதழும்தான் அவனிடம் இல்லை. அதனால் கம்பெனிகள் வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவருகின்றன, நம் பையன் திருப்பூருக்கு பஸ் ஏறுகிறான்.

இதை இப்போது கேட்பதற்குக் காரணம் உண்டு. பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கத் தமிழக அரசு 2024-ல் ஒரு கொள்கை கொண்டுவந்தது. இருபது வருஷம் தாண்டிய 225, 250 கிலோவாட் இயந்திரங்கள் இங்கே ஏராளம். அவற்றைக் கழற்றிவிட்டு மெகாவாட் கணக்கில் பெரியவை நிற்கப்போகின்றன. கழற்ற, ஏற்ற, அப்புறம் வருஷம் முழுக்கப் பராமரிக்க ஆள் வேண்டும். இயந்திரம் வந்து இறங்கிய பிறகு பயிற்சியைப் பற்றி யோசித்தால் இந்த வாய்ப்பும் கைநழுவிப் போகும்.

பயிற்சி கொடுத்தால் என்ன நடக்கும் என்பதைக் கங்கைகொண்டான் சிப்காட்டில் பார்க்கிறோம். டாடா பவரின் சூரிய மின்தகடு ஆலையில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் இன்னும் எத்தனையோ வீடுகளில் அம்மாக்கள் மடியில் முறத்தை வைத்து, கூன் விழ உட்கார்ந்து பீடி சுற்றுகிறார்கள். அவர்கள் மகள்களும் பீடிக்கடைக்கே போய் நிற்க வேண்டுமா? வீட்டுக் கூரைச் சோலாருக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் வரை மானியம் கொடுக்கிறது. தகடு மாட்ட, துடைக்க, இன்வெர்ட்டர் பழுது பார்க்க ஊருக்கு நாலு பெண்கள் தேறினாலே அந்த வேலைக்கான கூலி ஊருக்குள் நிற்கும்.

மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி, 2006-ல் வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலையைச் சொந்தமாக நிறுவியது. அதன் வருமானம் ஊராட்சிக்கே. காற்றின் நடுவிலேயே குடியிருக்கும் எங்கள் ஊராட்சிகளில் இந்தப் பேச்சே எழவில்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

தாங்கள் செய்ய வேண்டியது இதுதான். காற்றாலை நிறுவனங்களையும் பேட்டை அரசு ஐ.டி.ஐ.யையும் ஒரே மேசையில் உட்காரவையுங்கள். பயிற்சிச் செலவில் நிறுவனங்களும் பங்கு தரட்டும். புது இயந்திரம் நிற்கும் ஊர்க்காரர்களுக்குப் பராமரிப்பு வேலையில் இத்தனை இடம் என்று எழுத்தில் வாங்குங்கள். ஊராட்சி சொந்தமாகக் காற்றாலையோ சோலாரோ வைக்க வழியுண்டா என்பதை வரும் கிராம சபையில் பேச வையுங்கள். மனுவோடு நாங்களும் வருகிறோம்.

இப்படிக்கு,
பணகுடி வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு தகப்பன்