கதையை இடத்தோடு காட்டியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

மலையும் பாறையும் ஏரியும் மணல்மேடும் பெற்றெடுத்த கதைகளைத் திரட்டும் வேலை ஒருவழியாக முடிந்து, தொகுப்பு அச்சுக்குப் போகிறது. தோள்கொடுத்தவர்கள் பலர். "உதவிய அனைவருக்கும் நன்றி" என்று முன்னுரையின் கடைசி வரியில் போட்டு முடித்துவிடலாம்தான். ஆனால் யார் எதைச் செய்தார்கள், அது இல்லாதிருந்தால் எது கெட்டுப்போயிருக்கும் என்று சொல்லாவிட்டால் அது பெயரளவு நன்றியாகிவிடும். அதனால் இந்த மடல் கொஞ்சம் நீளம். இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கும் உதவட்டும்.

முதல் வணக்கம், கதையைச் சொன்னதோடு நிற்காமல் அந்த இடத்துக்கே நடந்து வந்து காட்டிய பெரியவர்களுக்கு. வீட்டில் உட்கார்ந்து சொல்லும்போது "அரக்கன் கல்லாகிப் போனான்" என்பதோடு கதை முடிந்துவிடும். பாறையடியில் நிற்கும்போதுதான் விவரங்கள் வரும்: இது முழங்கால், அது வெட்டுப்பட்ட தோள், மழை பெய்தால் அந்த வெட்டிலிருந்து சிவப்பாய் வடியும். அந்தச் சிவப்பை விடக்கூடாது. பாறையில் உள்ள இரும்பு, நீரும் காற்றும் பட்டுத் துருவாகி வெடிப்பு வழியே இறங்குகிறது. கதை சொல்பவர் அதை ரத்தம் என்கிறார். ஆனால் எந்த வெடிப்பில், எந்தப் பருவத்தில் என்பதைப் பிசகாமல் சொல்கிறார். நிலக்கதையின் உயிரே இந்த இடக்குறிப்பில்தான் இருக்கிறது என்பது எங்கள் எண்ணம். அது உதிர்ந்துவிட்டால், எந்த ஊர் அரக்கனையும் எந்த ஊர்ப் பாறையிலும் ஒட்டவைக்கலாம்.

பாறையில் தெரியும் முகம் பெரும்பாலும் ஒரே ஓர் இடத்திலிருந்துதான் முகமாகத் தெரியும். இருபது அடி தள்ளி நின்றால் மூக்கு காணாமல் போய்விடும். ஆகவே எங்கே நிற்க வேண்டும் என்று கதை சொல்பவரையே கேட்க வேண்டும். அவர் நிற்கும் இடத்தில், அவர் கண் மட்டத்தில் படம் எடுத்து, பார்க்கும் திசையைத் திசைகாட்டியால் அளந்து, மாதத்தையும் மணியையும் குறித்துக்கொள்ள வேண்டும். உச்சி வெயில் எல்லாப் பள்ளத்தையும் தட்டையாக்கிவிடும். சூரியன் எழுந்த முதல் ஒரு மணி நேரமும் விழுவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும் சாய்வொளி கிடைக்கும். கால்தடம், குளம்படி, விரல்கீறல் எல்லாம் அப்போதுதான் எழுந்து தெரியும். சிறிய தடம் என்றால் பக்கத்தில் 10 செ.மீ. அளவுகோல், குன்று என்றால் அடியில் ஓர் ஆள். அளவு தெரியாத படத்தில் சிற்றுளிக் குறியும் குகை வாயிலும் ஒன்றுபோல இருக்கும்.

கால்தடம் என்றதும் இலங்கையின் சிவனொளிபாத மலை நினைவுக்கு வரும். 2,243 மீட்டர் உயரத்தில் ஒரே ஒரு பாறைக்குழி. பௌத்தர்களுக்கு அது புத்தரின் பாதம், சைவர்களுக்குச் சிவனுடையது, இஸ்லாமியர்களுக்கு ஆதமுடையது. கிறித்தவர்களில் ஒரு சாரார் புனித தோமாவின் பாதம் என்பார்கள். இதில் எது சரி என்று கேட்கத் தொடங்கினால் வேலை அங்கேயே நின்றுவிடும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக, சொன்னவர் சொன்னபடி எழுத வேண்டும். நான்கையும் பிசைந்து "பொதுவான வடிவம்" ஒன்று செய்தால் அது யாருடைய கதையும் இல்லை.

இந்த இடத்தில் நூலகர்களுக்கு நன்றி சொல்லியாக வேண்டும். நாட்டார் கதைகளில் திரும்பத்திரும்ப வரும் கூறுகளுக்கு எண் இடும் ஸ்டித் தாம்ஸனின் கதைக்கூறு அட்டவணையில் நிலத்தோற்றக் கதைகள் ஏ 900 தொடங்கி ஏ 999 வரை அடங்குகின்றன. பாறையில் பதிந்த தடங்களுக்கு ஏ 972. எங்கள் குறிப்புகளுக்குப் பொறுமையாக எண் இட்டுக் கொடுத்தீர்கள். அதைவிடப் பெரிய உதவி, எண்ணோடு இடத்தின் பெயரையும் விடாமல் சேர்த்தது. எண்ணை மட்டும் பார்த்தால் உலகத்துக் கால்தடங்கள் எல்லாம் ஒரே பெட்டிக்குள் விழுந்துவிடும்.

நிலவியல் அறிஞர்களே, உங்களுக்கு இரட்டை நன்றி. விளக்கம் சொன்னதற்கு ஒன்று, அவசரப் பொருத்தங்களைத் தடுத்ததற்கு இன்னொன்று.

விளக்கத்தை முதலில் சொல்லிவிடுவோம். எரிமலைக் குழம்பு ஆறும்போது சுருங்கி, வற்றிய குளத்துச் சேறு வெடிப்பதுபோல வெடிக்கிறது. அந்த வெடிப்புகள் உள்நோக்கி இறங்கி, ஐந்து அல்லது ஆறு பக்கத் தூண்களாகப் பாறையைப் பிளக்கின்றன. வட அயர்லாந்தின் ராட்சதர் பாதையில் இப்படிச் சுமார் 40,000 தூண்கள் உண்டு. ஃபின் மெக்கூல் என்ற ராட்சதன் ஸ்காட்லாந்துக்குப் போட்ட பாதை அது என்பது கதை. கடலுக்கு அந்தப்பக்கம் ஸ்டாஃபா தீவின் ஃபிங்கல் குகையிலும் இதே தூண்கள் நிற்கின்றன. இரு கரையிலும் ஒரே வகைக் கல் என்பதைக் கதை கவனித்திருக்கிறது; பாலத்தைத்தான் தானாகக் கட்டிக்கொண்டது. அமெரிக்காவின் வயோமிங்கில், அடியிலிருந்து உச்சிவரை 264 மீட்டர் உயர்ந்து நிற்கும் டெவில்ஸ் டவரில் அதே தூண்கள் செங்குத்துக் கோடுகளாகத் தெரிகின்றன. கயோவா மக்கள் அவற்றைக் கரடியின் நகக்கீறல் என்கிறார்கள். கரடி துரத்திய சிறுமியரைத் தூக்கிக்கொண்டு பாறை வளர்ந்தது, அவர்கள் விண்மீன்களானார்கள். ஒரே இயற்பியல், ஓரிடத்தில் நடைபாதை, இன்னோரிடத்தில் நகம். படுத்த தளத்தை மேலிருந்து பார்ப்பவருக்கும் நிமிர்ந்த சுவரைக் கீழிருந்து பார்ப்பவருக்கும் வேறு வேறு கதைதான் தோன்றும்.

ஆற்றுப் படுகையில் உரல்போல உருண்டையாய் இருக்கும் குழிகளும் இப்படித்தான். சுழலில் சிக்கிய கூழாங்கற்கள் ஒரே இடத்தில் சுற்றிச்சுற்றிக் குடைந்தவை. கோடையில் நீர் இறங்கியதும் அடியில் அந்தக் கல்லே கிடக்கும். அதை எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள்; அது சான்று.

சான்றில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் விட்பி நல்ல எடுத்துக்காட்டு. அங்கே கிடைக்கும் அம்மோனைட் (அழிந்துபோன ஒரு கடல் உயிரி) புதைபடிவங்கள் சுருண்ட பாம்புபோல இருக்கும். புனித ஹில்டா பாம்புகளைக் கல்லாக்கினார் என்று கதை. கல்லில் தலை இல்லையே என்று, விற்பவர்கள் பாம்புத்தலையைச் செதுக்கியே விற்றார்கள். கதைக்கு ஏற்பக் கல் திருத்தப்பட்டது. புதைபடிவத்தைப் படம் எடுக்கும்போது உளிக்குறி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்ன உங்கள் எச்சரிக்கை பல இடங்களில் உதவியது.

அவசரப் பொருத்தம் இன்னொரு வகை வம்பு. ஒற்றைக்கண் ராட்சதன் கதை, குள்ள யானை மண்டையோட்டின் நடுத் துளையிலிருந்து பிறந்தது என்று புதைபடிவ ஆய்வாளர் ஓதெனியோ ஏபல் 1914இல் கருதினார். கேட்க அழகாயிருக்கிறது. ஆனால் அந்த மண்டையோட்டைக் கண்டு யாரோ அந்தக் கதையைக் கட்டினார்கள் என்பதற்குச் சான்று இல்லை. அழகான பொருத்தம் வந்தால் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை நீங்கள்தான் தந்தீர்கள். அந்த நிகழ்வின்போது அங்கே மனிதர் வாழ்ந்தார்களா? அறிவியல் விளக்கம் பரவுவதற்கு முன்பே கதை எழுத்தில் பதிவானதா? இன்றைய நிலத்தைப் பார்த்து ஊகிக்க முடியாத விவரம் ஏதாவது கதையில் உண்டா?

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்துக் கிரேட்டர் ஏரி முதல் கேள்வியைத் தாண்டுகிறது. சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் மசாமா எரிமலை வெடித்து, உச்சி உள்ளே சரிந்து, 594 மீட்டர் ஆழமுள்ள அந்த ஏரி உண்டானது. அங்குள்ள பழங்குடியான கிளாமத் மக்களின் கதையில் கீழுலகத் தலைவன் லாவோவும் மேலுலகத் தலைவன் ஸ்கெல்லும் நெருப்பும் கல்லும் எறிந்து போரிடுகிறார்கள். மலை லாவோவின் மேல் இடிந்து விழுகிறது. அதே மாநிலத்து ஃபோர்ட் ராக் குகையில், அதே வெடிப்பின் சாம்பலுக்கு அடியில், மனிதர் பின்னிய காலணிகள் கிடைத்திருக்கின்றன. ஆக, வெடித்தபோது பார்க்க ஆள் இருந்தார்கள். மூன்றாம் கேள்விதான் சிக்கல். கிண்ணம்போல் குழிந்த மலையைப் பார்க்கிற எவரும் "உச்சி விழுந்துவிட்டது" என்று ஊகிக்கலாம் அல்லவா? எங்கள் தொகுப்பில் இதை "வலுவானது" என்று குறித்திருக்கிறோம், "உறுதி" என்று குறிக்கவில்லை. நிலக்கதைகளை நிலவியலோடு வைத்து ஆராயும் இத்துறைக்கு 1968இல் பெயர் சூட்டிய டோரதி விட்டாலியானோ நிலவியலும் அறிந்தவர் என்பது தற்செயல் இல்லை.

கதை ஓர் அறிவுரையாகவும் இருக்கலாம். இந்தோனேசியாவின் சிமெலுவே தீவில் 1907இல் பேரலை அடித்தது. அந்த நினைவு தாலாட்டிலும் பாட்டிலும் தங்கி, வரிசையான கட்டளையாக நின்றது: நிலம் பலமாக ஆடினால், கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஓடு. 26.12.2004 அன்று சுமார் 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். கதை பழையது என்பதால் மட்டும் இது நடக்கவில்லை. அடையாளம், செயல், போகும் இடம் மூன்றும் கதைக்குள் இருந்தன. ஓடிச் சேரும் தூரத்தில் மேடும் இருந்தது. இதைத் தொகுக்கிறவர் "பேரழிவுக் கதை" என்று தலைப்பிட்டு அந்தக் கட்டளையை விட்டுவிட்டால் எல்லாம் போச்சு. இன்னொரு ஆபத்தும் உண்டு. கடல் முதலில் உள்வாங்குவது எல்லாக் கரைக்கும் பொருந்தாது. அன்று சுமாத்திரா, தாய்லாந்துப் பக்கம் முதலில் கடல் வற்றியது. மேற்கே இலங்கை, இந்தியக் கரைகளுக்கு முதலில் வந்தது நீரேற்றம். கடல் வற்றட்டும் என்று காத்திருந்தால் அங்கே காலம் கடந்துவிடும். ஒரு கரையின் கதையை இன்னொரு கரைக்கு அப்படியே கொண்டுபோகாதீர்கள் என்று சுட்டிக்காட்டிய கடலியல் நண்பர்களுக்கு எங்கள் நன்றி.

வானிலை அறிந்தவர்கள் ஒரு மர்மத்தை அவிழ்த்தார்கள். ஜெர்மனியின் 1,141 மீட்டர் உயர ப்ரோக்கன் சிகரத்தில், தாழ்ந்த சூரியன் முதுகுப்பக்கம் இருக்க, எதிரே மூடுபனியில் ராட்சத நிழல் எழும். தலையைச் சுற்றி வண்ண வளையம். நிற்பவர் தன் நிழலின் தலையில் மட்டுமே அந்த வளையத்தைக் காண்பார். பக்கத்தில் நிற்பவரின் நிழலுக்கு அது இருக்காது. "எனக்கு மட்டும் தெரிந்தது" என்று ஒருவர் சொன்னால் பொய் என்று தள்ளிவிடக்கூடாது. சூரியன் எந்தப் பக்கம் இருந்தது என்று கேளுங்கள்.

ஒலிப்பதிவிலும் எழுத்தாக்கத்திலும் உழைத்தவர்களுக்கு. பாறையடியில் காற்றுதான் எதிரி. மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்து, பஞ்சுறைக்கு மேல் மயிருறையும் மாட்டி, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் சுருக்காத கோப்பாகப் பதிந்தீர்கள். கதை முடிந்தபின் அரை நிமிடம் வெறும் இடத்தின் ஒலியையும் சேர்த்தது அருமை. சுனையின் சத்தமும் குகைக் காற்றும் கதையின் பகுதிதானே. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும், வட்டார வழக்கு கனமாக இருந்தால் இன்னும் கூடும். இதில் அடிக்கடி வரும் பிழை, பேச்சை "திருத்தி" எழுதுவது. மேலப்பக்கம் என்று அவர் மேற்கைச் சொல்ல, எழுதுபவர் "உச்சியில்" என்று மாற்றினால் பாறை வரைபடத்தில் மலையேறிவிடும்.

வரைபடம் போட்டவர்களுக்கு ஒரு சலாம். திறந்த வெளியில் கைப்பேசியின் ஜிபிஎஸ் ஐந்து மீட்டருக்குள் காட்டும். குன்றின் சுவர் ஓரம் சமிக்ஞை மோதித் திரும்புவதால் பல மீட்டர் தள்ளிவிடும். அங்கே கைவரைபடமும் தேவை. அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில் தசமத்துக்குப் பின் ஐந்தாம் இலக்கமே ஏறத்தாழ ஒரு மீட்டர். எட்டு இலக்கம் எழுதுவது துல்லியம் ஆகாது, வெறும் அலங்காரம்.

"இது பழங்கதை இல்லை" என்று சொல்லத் துணிந்தவர்களையும் மறக்கவில்லை. ரைன் ஆற்றில் 132 மீட்டர் உயரமுள்ள லொரலை பாறை எதிரொலிக்குப் பேர்போனது. ஆறு அங்கே குறுகிச் சுழிக்கும். ஆனால் அந்தப் பாறையோடு சேர்த்துச் சொல்லப்படும், ஆண்களை மயக்கி அழிக்கும் பெண், க்ளெமென்ஸ் ப்ரென்டானோ 1801இல் வெளியிட்ட பாடலில் பிறந்தவள். வேல்ஸில், எசமானே தவறாகக் கொன்றுவிட்டதாகக் கதை சொல்லும் கெலெர்ட் என்ற நாயின் கல்லறை, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு விடுதிக்காரர் பயணிகளை இழுக்கச் செய்த ஏற்பாடு. இப்படிப்பட்டவற்றை நாங்கள் நீக்கவில்லை. மக்கள் நம்பிச் சொல்லும் கதைகள் அவை; பிறந்த காலத்தை மட்டும் பக்கத்தில் எழுதிவிட்டோம்.

கடைசியாக, சொல்ல மறுத்தவர்களுக்கு. சில கதைகள் எல்லாக் காதுக்கும் உரியவை அல்ல. ஆஸ்திரேலியாவின் உலுரு என்ற பெரும்பாறை 1985இல் அதன் பூர்வகுடிகளான அனங்கு மக்களிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது; அவர்கள் நெடுங்காலம் கேட்டுக்கொண்ட பிறகு 26.10.2019 முதல் ஏறுவது தடைசெய்யப்பட்டது. அங்கே சில கதைகள் உரியவர்களுக்கு மட்டுமே. வட அமெரிக்கப் பழங்குடிகள் சிலர் குறிப்பிட்ட கதைகளைக் குளிர்காலத்தில் மட்டுமே சொல்வார்கள். கோடையில் போய்க் கேட்டால் ஒரு துண்டுதான் கிடைக்கும், அதை முழுக்கதை என்று அச்சிட்டுவிடும் அபாயமும் உண்டு. ஆகவே பதிவுக்கு முன்பே மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கேட்க வேண்டும்: முழுதும் வெளியிடலாம், இடத்தை மறைத்து வெளியிடலாம், காப்பகத்தில் மட்டும் வைக்கலாம். இடத்தை மறைக்க இரண்டாம் தசம இலக்கத்தோடு நிறுத்தினால் போதும். புள்ளி ஒரு கிலோமீட்டர் வட்டத்துக்குள் கரைந்துவிடும். பாறையின் படத்தையும் அப்போது போடக்கூடாது. படமே முகவரி.

கதை சொன்ன ஒவ்வொருவருக்கும் அவரவர் பகுதியின் அச்சுப்படி வந்து சேரும். வாசிக்க இயலாதவர்களுக்கு ஒலிவடிவம் அனுப்புகிறோம். பெயர் வேண்டாம் என்றாலும், சொன்ன கதையைத் திரும்பப் பெற வேண்டும் என்றாலும் காரணம் கூற வேண்டியதில்லை. வரைபடத்தில் உங்கள் பாறை ஓடைக்குத் தப்பான கரையில் நின்றால் உடனே சொல்லுங்கள், நகர்த்திவிடுகிறோம்.

நன்றியுடன்,
தொகுப்புக் குழுவினர்