ரயில் பாதைக்குக் காசு உண்டு, கேட்டுக்கு இல்லை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்ததில் சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். மழைதான் ஏமாற்றிவிட்டது.

"கோடி கோடியாகக் கொட்டிப் பாதை போட்டார்கள், எங்கள் ஊர் வண்டியில் ஏற ஆள் இல்லை" என்று எழுதியிருந்தாய். கோபம் சரி, ஆனால் நீ திட்ட வேண்டியது பாதையை அல்ல.

எங்கள் மதுரை–போடி லைனையே எடுத்துக்கொள். அகலப்பாதையாக மாற்றுவதற்காக, 2010 டிசம்பரோடு பழைய குறுகிய பாதை மீட்டர்கேஜ் வண்டி நின்றது. அகலப்பாதையில் தேனிக்கு ரயில் வர 2022 மே, போடிக்கு 2023 ஜூன். மதுரை–தேனி 75 கிலோமீட்டருக்கு மட்டும் 500 கோடிக்கு மேல் செலவு. ஆண்டிபட்டிக் கணவாயில் பாறை உடைத்தது ஒரு பக்கம் இருக்கட்டும். வருஷாவருஷம் பட்ஜெட்டில் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தால் வேலை இழுக்கத்தானே செய்யும்? அதற்குள் இரும்பு, சிமென்ட், கூலி எல்லாம் ஏறிவிடும்.

அவ்வளவும் செய்து திறந்தபோது விட்டது ஒரே ஒரு வண்டி. அது காலையில் மதுரையிலிருந்து இங்கே வந்தது, சாயங்காலம் திரும்பியது. மதுரைக்கு வேலைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகிறவன் என்ன செய்வான்? சின்னவன் பஸ்ஸில்தான் தொங்கினான். காலையில் எங்கள் ஆட்கள் போவது மதுரைக்கு, வண்டி வந்தது மதுரையிலிருந்து. நேரம் போட்டவருக்கு இந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் யாரும் இல்லைபோலும்.

உங்கள் காரைக்குடி–திருவாரூர் கதை இன்னும் மோசம். 2012இல் மூடியதை 2019 ஜூனில் திறந்தார்கள். புதுத் தண்டவாளம், புது டெமு என்கிற டீசல் வண்டி. சாலை குறுக்கிடும் ரயில்வே கேட்டுகளில் கேட் கீப்பர் போடத்தான் அப்போது ஆள் இல்லை! கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும். வண்டியிலேயே கூட வரும் ஊழியர்களில் முன்னால் இருக்கிறவர் இறங்கிக் கேட்டை மூடுவார். வண்டி தாண்டிப் போய் மறுபடி நிற்கும். பின்னால் இருக்கிறவர் இறங்கித் திறந்துவிட்டு ஓடி வந்து ஏறுவார். அடுத்த கேட்டிலும் இதே கூத்து. ஏறத்தாழ 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நீயே சொல், யார் ஏறுவார்கள்?

ஆள் ஏறாவிட்டால் 'நஷ்டம்' என்று எழுதுவார்கள்; நஷ்டம் என்று எழுதினால் இரண்டாவது வண்டி கேட்க முடியாது. முன்பு டிக்கெட்டிலேயே அச்சடித்திருந்தார்களே, பயணச் செலவில் 57 சதவீதம்தான் கட்டணமாக வருகிறது என்று. கணக்கு உண்மையாகவே இருக்கட்டும். பாதை போட்ட காசு போட்டதுதான். ஒரு வண்டி ஓடினாலும் நாலு ஓடினாலும் அது மாறாது. கேட் கீப்பர் சம்பளத்தையும் இன்னொரு டெமுவையும் மிச்சம் பிடித்து, அத்தனை கோடியையும் வெயிலில் காயப்போடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நம் சரசு பேத்தி வளைகாப்புக்கு நானும் என் வீட்டுக்காரியும் வருகிறோம். காரைக்குடியில் இறங்கினால் உங்கள் ஊருக்கு இப்போது எத்தனை மணிக்கு வண்டி என்று ஸ்டேஷனில் கேட்டு எழுது. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முத்தையா
ஆண்டிபட்டி