வண்ணத் தீயின் சாம்பலையும் பேச வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் விடுமுறைச் சிறப்புப் பக்கத்தில், 'கேம்ப் ஃபயர்' என்று பலரும் சொல்லும் பாசறைத் தீயைப் பச்சையாகவும் நீலமாகவும் எரியச் செய்யும் வழிகளைப் பற்றிய குறிப்பு வெளிவந்திருந்தது. எந்த உப்பைத் தூவினால் எந்த நிறம் வரும் என்று அதில் சொல்லப்பட்டிருந்தவை பெரும்பாலும் சரியே. தூவிய உப்பு அதன் பிறகு என்ன ஆகிறது என்பதைப் பற்றித்தான் ஒரு வரிகூட இல்லை. ஆய்வகத்தில் பிளாட்டினக் கம்பியை அமிலத்தில் தோய்த்துச் சுடர்ச் சோதனை செய்து காட்டுவதிலேயே பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில், விடுபட்ட அந்த வரிக்காக இதை எழுதுகிறேன்.

விறகுத் தீ மஞ்சளாகத் தெரிவதற்கு முதற்காரணம், சுடருக்குள் முற்றிலும் எரியாமல் பழுக்கக் காய்ந்து ஒளிரும் நுண்ணிய கரித்துகள்களாகும். உப்பைத் தூவும்போது நிகழ்வது வேறு. வெப்பத்தில் ஆவியாகிப் பிரியும் அணுக்களும் மூலக்கூறுகளும் சுடரின் ஆற்றலை வாங்கிக்கொண்டு, மறுகணமே அதைத் தமக்கே உரிய நிறத்தில் ஒளியாக வெளியிடுகின்றன. சோடியம் 589 நானோமீட்டரை ஒட்டிய மஞ்சளையும், லித்தியம் 671 நானோமீட்டர் அளவிலான சிவப்பையும் தருகின்றன. வெண்காரத்தில் (போராக்ஸ்) உள்ள போரான் பச்சையாக ஒளிர்கிறது. செம்பு மட்டும் சேர்க்கைக்கேற்ப நிறம் மாறும்: குளோரின் உடனிருந்தால் நீலம், இல்லையென்றால் பச்சை. இத்தகைய ஒளியை நிறமாலைமானியில் பிரித்துப் பார்த்துத்தான் ஜெர்மன் அறிவியலாளர்கள் புன்சனும் கிர்க்காஃபும் 1860-இல் சீசியம், 1861-இல் ருபீடியம் ஆகிய தனிமங்களைக் கண்டறிந்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது, அணுக்கள் ஒளிர்கின்றனவே தவிர எரிந்து தீர்ந்துவிடுவதில்லை என்பதாகும். செம்பு சல்பேட் எனப்படும் மயில்துத்தத்தின் எடையில் ஏறத்தாழ 25 விழுக்காடு செம்பு. எனவே 100 கிராம் துத்தத்தைத் தீயில் கொட்டியவர், சுமார் 25 கிராம் செம்பைப் புகைக்கும் சாம்பலுக்கும் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார் என்று பொருள். கூடவே கந்தக ஆக்சைடுகளும் கிளம்பும். காற்று திசை மாறும்போது கண்ணும் தொண்டையும் எரிவதற்கு விறகுப் புகை மட்டுமே காரணம் என்று அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

'ஒரு பிடி அள்ளிப் போடுங்கள்' என்ற அறிவுரை நிறத்துக்கும் உதவாது. தீ கொழுந்துவிட்டு எரியும்போது கரித்துகள்களின் மஞ்சள் மற்ற நிறங்களையெல்லாம் விழுங்கிவிடும். கொழுந்து அடங்கி, கங்குகளின் மேல் விரற்கடை உயரத்துக்குச் சுடர் தாழ்ந்திருக்கும் வேளையில் ஒரு சிட்டிகை துத்தம் விழுந்தால் போதும். முதலில் படபடவென்று பொரிந்து, நீலப் படிகம் நீரை இழந்து வெளுத்து, பின்பு சுடரின் ஓரத்தில் மட்டும் பச்சை விளிம்பு ஒன்று ஓடும். பொட்டாசியத்தின் ஊதாவோ இதைவிடக் கூச்சமுள்ளது. விரல் வியர்வையில் உள்ள சோடியமே அதை மறைத்துவிடும் என்பதால்தான் ஆய்வகத்தில் அதைக் கோபால்ட் நீலக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறோம். அந்த ஊதாவை விரும்பி வெடியுப்பைத் (பொட்டாசியம் நைட்ரேட்) தீயில் போடுவது வீண் மட்டுமன்று, ஆபத்தும்கூட; நைட்ரேட்டுகளும் குளோரேட்டுகளும் தீயைச் சீறியெழச் செய்பவை.

குறிப்பில் என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்தது, துளையிட்ட செம்புக் குழாய்க்குள் தோட்டத்துப் பிளாஸ்டிக் குழாயின் துண்டைச் செருகித் தீயில் வைக்கும் உத்தி. அழகான நீலம் வரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த நீலத்துக்கான குளோரின் பிவிசி நெகிழியிலிருந்து வருகிறது. பிவிசி எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிப்படும். கரியும் குளோரினும் கூடும் இடத்தில் டையாக்சின் எனும் நச்சுப் பொருட்கள் உருவாவதற்குச் செம்பே வினையூக்கியாகவும் அமையும். கரி, குளோரின், செம்பு என வேண்டாத மூன்றையும் ஒரே குழாயில் அடைத்துத் தீயில் வைப்பதற்கு இது ஒப்பாகும். கடலில் மிதந்து கரை ஒதுங்கிய கட்டைகளிலும் உப்பின் குளோரின் ஊறியிருக்கும் என்பதால், அவற்றின் வண்ணத்துக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

எதுவும் தூவாமலேயே பழைய கட்டுமானப் பலகை பச்சையாக எரிந்தால், அதை வியந்து பார்க்காமல் உடனே விலகிவிட வேண்டும். அது குரோமியம், செம்பு, ஆர்சனிக் ஆகியவை கலந்த கரைசலில் பதப்படுத்திய மரமாக இருக்கலாம். அதன் புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் இருக்கும்.

உப்பை, எளிதில் தீப்பற்றும் சாராய வகையான மெத்தனாலில் கரைத்து ஊற்றலாம் என்ற யோசனையும் அச்சில் வந்திருக்கவே கூடாது. மெத்தனாலின் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே புலப்படாது. தீ அணைந்துவிட்டதென்று எண்ணிப் புட்டியிலிருந்து மறுபடி ஊற்றும்போது ஆவி பற்றி, புட்டியிலிருந்தே தீ பீறிட்டு எதிரே நிற்பவர்மீது பாயும். வகுப்பறைச் செய்முறைகளில் மாணவர்கள் இவ்வாறு தீக்காயம் அடைந்ததையடுத்து, அமெரிக்க வேதியியல் பாதுகாப்பு வாரியம் 2014-இல் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது.

வண்ணத் தீயே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பச்சை விளிம்பைக் காணும்போது இன்றும் எனக்கு மகிழ்ச்சிதான். திறந்த வெளியில், காற்று வரும் பக்கமாக நின்று, பெரியவர் ஒருவர் கையால் ஒரு சிட்டிகை தூவலாம். அந்தத் தீயில் எதையும் சமைக்கவோ வாட்டவோ கூடாது. ஆறிய சாம்பலைச் செடிக்கு உரமாகவும் இடக்கூடாது. ஓடையிலோ குளத்திலோ கொட்டவும் கூடாது. பாசியைக் கொல்வதற்கென்றே நீரில் இடப்படும் பொருள் மயில்துத்தம். அது மீன்களுக்கும் நஞ்சு.

இந்த விவரங்களை அதே பக்கத்தில், முந்தைய குறிப்பு வெளியான அளவு இடத்திலேயே, அடுத்த விடுமுறைக்கு முன் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். குழாய் உத்தியையும் மெத்தனால் யோசனையையும் திரும்பப் பெறுவதாகத் தெளிவாகக் குறிப்பிட்டால் நன்று.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர்