தசைகளுக்குத் தனித்தனிக் கட்டளையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் அறிவியல் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த ரோபோக்கள் பற்றிய கட்டுரை, மூளை ஒவ்வொரு தசைக்கும் தனித்தனியே கட்டளை அனுப்புவதாகக் கூறியிருந்தது. உடலில் 600இற்கு மேற்பட்ட தசைகள் இருக்கையில், இது அத்தனை எளிதாகச் சொல்லிவிடக்கூடியதன்று.

திருகோணமலைக் கடற்கரையில் வீச்சுவலை எறிபவரைக் கவனித்திருக்கிறேன். வலையின் ஒரு பகுதியைத் தோளிலும் மறுபகுதியைக் கையிலும் ஏந்தி, இடுப்பைத் திருப்பி அவர் விட்டெறிகையில், காலடி மணல் ஒவ்வொரு முறையும் வேறு விதமாகச் சரிந்தாலும் வலை வட்டமாகவே விரிந்து விழுகிறது. 1920களில் சோவியத் உடற்றொழிலியலாளர் நிக்கொலாய் பேர்ன்ஸ்டைன் சம்மட்டி அடிக்கும் தொழிலாளரைப் படம்பிடித்து ஆராய்ந்தபோதும், மூட்டுகளின் அசைவு அடிக்கு அடி மாற, சம்மட்டியின் முனை மட்டும் அதிகம் பிசகாமல் செல்வதைக் கண்டார். பின்னர் நரம்பியல் ஆய்வாளர் எமிலியோ பிட்சி குழுவினர் தவளையின் முண்ணாணில் ஓரிடத்தை மின்னால் தூண்டியபோது, பல தசைகள் ஒருங்கே இயங்கி, கால் எங்கிருந்து புறப்பட்டாலும் ஒரே நிலையை நோக்கி நகர்ந்தது. இரண்டு இடங்களை ஒருமிக்கத் தூண்டினால், விளைவு பெரும்பாலும் அவ்விரண்டின் கூட்டுத்தொகையாகவே அமைந்தது. இவ்வாறு ஒருங்கே இயங்கும் தசைக் கூட்டுகள் நரம்புத் தொகுதியில் பதிந்தவையா, செயலின் தேவையால் தோன்றுபவையா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இத்தாலியில் உருவான ‘பீசா சொஃப்ட்ஹான்ட்’ என்னும் ரோபோக் கை, 19 மூட்டுகளை ஒரே மோட்டாரால் இயக்குவது, பல உறுப்புகளை ஒரே கட்டளையால் கூட்டாக இயக்கலாம் என்னும் இந்தச் சிந்தனையின் வழியில்தான். ரோபோக்களைப் பற்றியே எழுதியவர் இதனைத் தவறவிட்டது வியப்பளிக்கிறது. இத்திருத்தத்தை அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
திருகோணமலை.