நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்: நாங்கள் கேட்டது மின்விசிறி அன்று

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். கலந்தாய்வு அறைப் புகை குறித்து நாங்கள் மூன்று முறை அளித்த மனுக்கள் தங்களிடம் உள்ளன. அவற்றுக்கு விடையாகச் சென்ற வாரம் அவ்வறையில் ஒரு வெளியேற்று மின்விசிறி பொருத்தப்பட்டதைக் கண்ட பிறகே இம்மடலை எழுதுகிறேன். நாங்கள் கேட்டது மின்விசிறி அன்று; இக்கட்டடத்துக்குள் எவரும், எப்பதவியில் இருப்பவரும், புகைக்கக் கூடாது என்பதே எங்கள் கோரிக்கை.

எங்கள் தளத்தைத் துப்புரவு செய்யும் அம்மையாருக்கு ஆஸ்துமா இருக்கிறது. கூட்டம் முடிந்து கதவு திறந்ததும் முதலில் உள்ளே செல்ல வேண்டியவர் அவர்தான். அடுத்த கூட்டத்துக்குள் மேசையைத் துடைத்து, சாம்பல் கிண்ணங்களைக் கழுவி வைத்தாக வேண்டும். துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு நுழைபவர் பாதி வேலையில் வெளியே வந்து, சுவரில் சாய்ந்தபடி இன்ஹேலரை உறிஞ்சிவிட்டு மீண்டும் உள்ளே போவதைப் பல நாள் பார்த்திருக்கிறேன். முறையிடலாமே என்றேன். அங்கே புகைப்பவர்கள்தாம் தமது வருகைப் பதிவேட்டில் கையொப்பமிடுபவர்கள் என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

மின்விசிறி வாடையைக் குறைக்கலாம், நஞ்சை நீக்காது. சிகரெட் புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன, அவற்றுள் ஏறத்தாழ 70 புற்றுநோய் உண்டாக்குபவை. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கைக்காக 2007இல் ஏற்கப்பட்ட வழிகாட்டுதல்கள், காற்றோட்ட ஏற்பாடுகளோ புகைப்பதற்கென ஒதுக்கிய இடங்களோ பிறரைக் காப்பதில்லை என்று தெளிவாகவே கூறுகின்றன. தடைப் பலகை வைப்பது மட்டுமன்றி, சாம்பல் கிண்ணங்களை அகற்றுவதும் தடையைக் கண்காணிப்பதும் பணியிடத்தை நடத்துவோரின் கடமை என்கின்றன அவை. நம் அறையிலோ பலகைக்கு நேர் கீழே கிண்ணம் இருக்கிறது.

அடையாள அட்டையை மறந்து வருபவருக்கு அன்றே குறிப்பாணை வருகிறது. சட்டத்தை நாள்தோறும் மீறுவோருக்கு ஒரு வாய்மொழி எச்சரிக்கைகூட இல்லை. விதிகள் கீழ்நிலைப் பணியாளருக்கு மட்டுமே உரியவையா என்ற கேள்வி எங்களுக்குள் வளர்ந்துவருவதை மறைக்க விரும்பவில்லை. சொற்கள் கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். புகைப்போர் எவர்மீதும் எனக்குப் பகையில்லை. அப்பழக்கத்தை விட விரும்புவோருக்கு நிர்வாகம் மருத்துவ உதவி அளித்தால் மகிழ்வேன்.

கட்டடத்துக்குள் எவரும் புகைக்கக் கூடாது என்று எழுத்து மூலம் ஆணையிட்டு, பெயரை வெளியிடாமல் முறையிட வழிசெய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அடுத்த கூட்டம் வியாழக்கிழமை என அறிகிறேன். அதற்கு முன் அந்தக் கிண்ணங்களையாவது அகற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பணியாளருள் ஒருவர்